அம்மா சொன்ன முகூர்த்தம்

என் கணவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என் அக்கா வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் குப்புறக் கிடந்தார். இரண்டு கால்களும் ஓட்டை விழுந்த காலுறைகளும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. நான் அகதியாக வந்திறங்கி ஒரு குளிர்காலம் முடிந்திருந்தது. மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில், இரும்புப் படி வெளியே வளைந்து ஏறுகிற ஒரு வீட்டின் மேல் மாடியில் அக்காவோடும் அத்தானோடும் இருந்தேன். அத்தானுக்கு சென்ட் லோரன்டில் ஒரு கோட் தொழிற்சாலையில் வேலை. அதே தொழிற்சாலையில் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுகிற ஒரு பொடியன் கொம்பியூட்டர் வைத்திருக்கிறான், எங்கள் தொலைக்காட்சி நிறத் தொலைக்காட்சி என்பதால் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து அதனோடு இணைத்துப் பார்க்கப்போகிறான் என்று அத்தான் சொல்லியிருந்தார். அந்தப் பொடியன்தான் தரையில் கிடந்தது.

"அந்த லைட்டை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அறையில் நான் மட்டும்தான் நின்றேன். அணைத்தேன். நீலம் ஒன்று திரையிலிருந்து எழுந்து அறை முழுவதும் பரவியது. அக்காவின் சோபா, சுவரில் இருந்த முருகன் படம், காயப்போட்டிருந்த அத்தானின் சட்டை, எல்லாமே குளத்துத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆகிவிட்டன. அவர் தலைமயிரில் தூசியோடு எழுந்து நின்று என்னைப் பார்த்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

"உங்களுக்குப் பிறந்த நேரம் தெரியுமோ?" என்றார்.

அந்த வயதில் ஒரு பெண்ணிடம் கேட்கிற முதல் கேள்வியா அது? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அந்த நீல வெளிச்சத்தில் கோபம் சரியாக உட்காரவில்லை. சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு வேறு மனிதரைத் தெரியும். மென்பொருள் நிறுவனம் தொடங்கி விற்றவர், ஒரு விளையாட்டு அணியின் சொந்தக்காரர், மொன்றியல் தீவின் மேற்கில் கண்ணாடிக் கட்டடங்கள் கட்டுகிறவர். கூட்டங்களில் அவரை அறிமுகம் செய்யும்போது பக்கத்தில் இருக்கிற எனக்கு அந்த ஓட்டைக் காலுறைதான் கண்ணுக்குள் நிற்கும். சிரிப்பை அடக்க நான் படுகிற பாடு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நாளில் அவருடைய கொம்பியூட்டர் என்பது ஒரு தட்டச்சுப் பலகை. அதைத் தொலைக்காட்சியில் பூட்ட வேண்டும். எழுதியதைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கோடர். கசெட்டைப் போட்டால் கீச்சுக்கீச்சென்று ஒரு சத்தம், பிறகு நீண்ட மௌனம், பிறகு திரையில் எழுத்து. ஊரில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர்; படிப்பு பாதியில் நின்றுபோனது. இங்கே பகலில் இஸ்திரி, மாலையில் ஒரு கல்லூரியில் கொம்பியூட்டர் வகுப்பு. வகுப்பில் மற்றவர்கள் சம்பளக் கணக்குப் போடப் பழகியபோது இவர் பஞ்சாங்கம் போடத் தொடங்கியிருக்கிறார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது மொன்றியலில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருடைய சமையலறையிலும் யாழ்ப்பாணத்துக் கலண்டர்தான் தொங்கியது. யாரோ ஒருவர் ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவருவார். மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். அதில் போட்டிருக்கிற ராகு காலத்தையும் சுப நேரத்தையும் அப்படியே இந்த ஊர் மணிக்கூட்டில் பார்த்து நடப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குப் பார்த்த நேரம் அது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. மட்டக்களப்புக்காரர் ஒருவர் தன் அகதி வழக்குக்குப் போகிற நாளில் ராகு காலம் போகட்டும் என்று மெட்ரோ நிலையத்துக்குள் நின்றுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாராம். அவர் ஒதுங்கி நின்ற ராகு காலம் ஊரில் எப்போதோ முடிந்துபோய், ஊரும் விளக்கணைத்துப் படுத்துவிட்டிருந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது இவருக்கு உண்மையிலேயே கண் கலங்கும். அந்த மனிதர் பிழையான நேரத்துக்குப் பயந்தார் என்பதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

ஆகவே மொன்றியலில் சூரியன் உதிக்கிற, மறைகிற நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, இந்த ஊருக்கென்று ஒரு கலண்டர் அச்சடித்து விற்பது என்று முடிவெடுத்திருந்தார். அதுதான் அவருடைய முதல் வியாபாரம். அந்த மாலை என் பிறந்த நேரத்தைப் போட்டுச் சோதித்துப் பார்த்தார். திரையில் நட்சத்திரக் குறிகளால் கட்டம் ஒன்று எழுந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ஆளின்ர விபரமும் போட்டுப் பாக்கலாமோ?" என்று, அதற்குள் அறைக்குள் வந்திருந்த அத்தானைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் இரண்டாவது கட்டம் வந்தது. "ரெண்டும் நல்லாப் பொருந்துது எண்டு மெஷின் சொல்லுது, அண்ணை."

அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்றார். "அந்த ரெண்டாவது ஆர், தம்பி?"

"நான்தான் அக்கா."

"மெஷினை எழுதினது ஆர்?"

"அதுவும் நான்தான். ஆனா அது பொய் சொல்லாது."

அக்கா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் தட்டில் கொட்டியது. நான் சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன்.

இரண்டு வீட்டாரும் பேசி முடித்தபிறகு, வசந்தத்தில், அக்காவின் அனுமதியோடு நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போவோம். அவருடைய நடை நேராக இருக்காது. எங்கே வெறுங்காணி கண்டாலும் நின்றுவிடுவார். பனி உருகி, சேறும் பழைய இலையும் கிடக்கிற ஒரு காணியைக் காட்டி, "இதிலை ஏழு மாடி வரும்" என்பார். கையை உயர்த்தி யன்னல்களை ஒவ்வொன்றாக வைப்பார். மேற்குப் பக்கம் பார்க்கிற யன்னல் ஒன்றை எனக்குத் தந்துவிட்டு மேலே போவார். கேட்டுக்கொண்டு நிற்கிற எனக்கும் கொஞ்ச நேரத்தில் அந்த யன்னல் தெரியத் தொடங்கிவிடும். அதில் திரைச்சீலை என்ன நிறம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது பஸ் வந்துவிடும். ஏழு மாடியையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடுவோம். விசர் மனிதர் என்று நினைத்தேன். அந்த விசர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போதே அவர் ஒரு அணிக்கும் சொந்தக்காரர். கரப்பந்து அணி. சொந்தக்காரர் ஆனது எப்படியென்றால், பந்தும் வலையும் வலை கட்டுகிற இரண்டு இரும்புக் கம்பங்களும் அவருடையவை. தொழிற்சாலைப் பொடியன்கள்தான் ஆட்டக்காரர்கள். எங்கள் ஊரில் ஆடுகிற மாதிரி, அவரவர் இடத்தை விட்டு அசையாமல் நின்று அடிக்கிற ஆட்டம். இவர் ஆடினால் அணி தோற்கும் என்பதால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது மட்டும்தான் இவர் வேலை. அதை இன்றுவரை விட்டதில்லை.

கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டும் என்று வந்தபோதுதான் எல்லாம் குழம்பியது.

அம்மா அப்பாவோடு ஊரில் இருந்தார். வருவதற்கு வழியே இல்லை. பட்டணத்துக்கு பஸ் ஏறிப் போய், தபால் கந்தோரில் நாள் முழுக்கக் காத்திருந்து, எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். இரைச்சலுக்குள் அம்மாவின் குரல் வந்து வந்து போனது.

"பிள்ளை, சாத்திரியார் நாள் பாத்துத் தந்திட்டார். ஆனி மாதம் திங்கக்கிழமை, விடியப்புறம், சூரியன் கிளம்பேக்கை. நீ கழுத்தை நீட்டுற அந்த நேரம் நான் இஞ்சை சாமியறையிலை குத்துவிளக்கை ஏத்துவன். எனக்கு வேற ஒண்டும் செய்ய ஏலாது பிள்ளை."

நான் ஓம் ஓம் என்றேன். என்ன புடவை என்று அம்மா கேட்டார். பதில் சொல்ல முதல் தொடர்பு அறுந்துவிட்டது. அடுத்த கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெரிய சண்டை தொடங்கியது. அதன்பிறகு தொலைபேசியும் இல்லை, கடிதமும் இல்லை. வானொலியில் எங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

அம்மா சொன்னது அங்கத்தை விடியலா, இங்கத்தை விடியலா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. விடியல் என்றால் அம்மாவின் விடியல்தான்.

மாப்பிள்ளைக்கு அது பெரிய கேள்வியாகப் பட்டது. அக்காவின் சமையலறை மேசையில் இருந்து, "ஊரிலை திங்கள் விடியிறது எண்டா இஞ்சை ஞாயிறு பின்னேரம், பொழுதுபடுற நேரம்" என்றார். "நட்சத்திரம் எங்கை போனாலும் ஒண்டுதான். ஆனா லக்கினம் ஊருக்கு ஊர் வேற. அம்மா சொல்லுறது யாழ்ப்பாணத்து லக்கினம். இஞ்சை அதே ஞாயிறு காலமை சிங்க லக்கினத்திலை அருமையான முகூர்த்தம் கிடக்கு. நான் பாத்திட்டன்."

"அருமையான முகூர்த்தமோ, இல்லாட்டிப் பின்னேரம் மேட்ச் கிடக்கோ?" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயக் கல்லூரிப் பக்கத்துத் திடலில் அந்த ஞாயிறு பின்னேரம்தான் அணியின் முதல் இறுதி ஆட்டம். "மேட்சும் கிடக்கு. அதுக்காகச் சொல்லேல்லை" என்றார். "யாழ்ப்பாண நேரத்தை இஞ்சை பாக்காதேங்கோ எண்டு வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிக்கொண்டு திரியிறன். நானே என்ர கலியாணத்தை யாழ்ப்பாண நேரத்திலை வைச்சா என்ர கலண்டரை ஆர் வாங்குவினம்?"

"ஒருத்தரும் வாங்க வேண்டாம்."

"இது என்ர வாழ்க்கை, விளங்குதோ? இஸ்திரிப் பெட்டியோடை நான் சாக ஏலாது."

"அது என்ர அம்மா" என்றேன். "அந்த நேரம் இல்லாட்டிக் கலியாணமும் இல்லை."

தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரும்புப் படியில் அவர் இறங்குகிற சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

அக்கா என்னைக் கிழித்துப் போட்டார். ஒரு நேரத்துக்காக ஒரு நல்ல மனிதனை விடப்போகிறாயா, அம்மா என்ன மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டா நிற்கப்போகிறார் என்று கேட்டார். அம்மா அப்படித்தான் நிற்பார் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் அம்மாவுக்குப் பந்தல் இல்லை, புடவை இல்லை, அட்சதை இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அவருடைய பங்கு. அதையும் பிடுங்கிவிட்டால், ஒன்றுமே நடக்காத ஒரு நேரத்தில் அவர் தனியாக நின்று விளக்கேற்றுவார். அதை நினைத்து நினைத்து அழுதேன். கோபமும் வந்தது. எல்லாரும் சேர்ந்து அம்மாவின் சூரியனை வெறும் கணக்காக ஆக்கிவிட்டார்கள் என்று கோபம்.

அந்த ஆனி மாதத்து மாலைகள் எனக்கு இப்போதும் கனவில் வரும். எங்கள் ஊரில் பொழுது பொசுக்கென்று விழுந்துவிடும். இங்கே அது போக மனமில்லாமல் நிற்கும். சாப்பிட்டு முடித்துப் பாத்திரமும் கழுவிய பிறகுகூட, எதிர்வீட்டுச் செங்கல் சுவரில் மஞ்சள் வெயில் சாய்ந்துகொண்டிருக்கும். கீழே டெப்பனர்க் கடைக்குப் பால் வாங்கப் போகிற பிள்ளைகளின் நிழல் தெரு முழுக்க நீளும். நான் யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, இதே வெயில்தான் இப்போது எங்கள் வீட்டுக் கிணற்றடியில் விடிகிறது என்று நினைப்பேன். ஒரே சூரியன் ஒரு கையால் இங்கே கதவைச் சாத்தி மற்றக் கையால் அங்கே திறக்கிறது. அதில் எது பிழையான நேரம்?

ஒரு கிழமை அவர் வரவில்லை. அத்தானிடம் கேட்டால், "வேலையிலை ஒருத்தரோடையும் கதைக்கிறானில்லை. பகலிலையே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கோட்டைக் கருக்கிறான்" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு மாலை கொம்பியூட்டரைக் கையில் அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். நேரே தொலைக்காட்சிக்குப் பின்னால் போனார். கசெட் கீச்சிட்டது. நீலம் பரவியது. நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றேன்.

"நான் இஞ்சத்தை நல்ல நேரம் எப்ப எண்டுதான் தேடினனான்" என்றார். "அம்மா சொன்ன நேரத்திலை இஞ்சை என்ன நடக்குது எண்டு பாக்கேல்லை. அது என்ர மடத்தனம். இப்ப பாத்தன்."

திரையில் இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் எழுந்தன. ஒன்றின் மேல் யாழ்ப்பாணம், மற்றதன் மேல் மொன்றியல்.

"அங்கை சூரியன் கிளம்புது, மிதுனம் உதிக்குது. அதே நேரம் இஞ்சை சூரியன் இறங்குது. அப்ப இஞ்சை கிழக்கிலை உதிக்கிறது தனுசு. மிதுனத்துக்கு நேர் எதிர். ஏழாம் வீடு." அவர் விரல் திரையில் ஒரு கட்டத்திலிருந்து மற்றதற்குப் போனது. "ஏழாம் வீடு எண்டா என்ன? கலியாண வீடுதானே? ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்குது. உங்கட அம்மா அங்கை முதலாம் வீட்டிலை, நாங்கள் இஞ்சை ஏழாம் வீட்டிலை."

கதவை விட்டுத் திரைக்குக் கிட்டப் போனேன். ஆனால் சந்தேகமும் வந்தது. "என்னைச் சமாளிக்கிறதுக்கு மாத்தி எழுதினீங்களோ?"

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "உங்களுக்காக மேட்சை விடுவன்" என்றார். "கலண்டரையும் விடுவன். ஆனா ஆருக்காகவும் நேரத்தை மாத்திச் சொல்லமாட்டன்."

மண்டபம் என்று கிடைத்தது ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்குத் தந்தையிடம் கேட்டு எடுத்துத் தந்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார், நெருப்புக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. ஓமம் வளர்ப்பதானால் வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில்தான் என்று சொல்லிவிட்டார். அங்கே பந்தல் போடக் கம்பம் இல்லை. கரப்பந்து வலைக் கம்பங்கள் ஞாபகம் வந்தன. ஆனால் அவை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூத் திடலில் வலையைத் தாங்கிக்கொண்டு நின்றன.

ஞாயிறு பின்னேரம் அக்கா என் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது வெளியே நாலைந்து கார்கள் ஒன்றாக வந்து நின்றன. பொடியன்கள் பனியனும் சேறுமாக இறங்கினார்கள். ஒரு காரின் கூரையில் கம்பங்கள் கட்டியிருந்தன. மாப்பிள்ளை அன்று திடலுக்கே போகவில்லை; தேவாலயத்துக் குளியலறையில் வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் கத்தாததால் அணி வென்றிருந்தது. கம்பங்களை நட்டு, அக்காவின் கூறைப்புடவையையும் மற்றப் பெண்களின் பட்டுப்புடவைகளையும் மேலே கட்டினார்கள். ஆட்டக்காரர்கள் பனியனுக்கு மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

ஐயர் பகலில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறவர். அவர் எங்களைக் கிழக்கே பார்த்து இருக்கச் சொன்னார். கிழக்கே தேவாலயத்தின் பின்சுவரும் குப்பைத் தொட்டியும். வெயில் எங்கள் முதுகில் விழுந்தது.

"ஐயா, மேற்கை பாத்து இருந்தா என்ன?" என்றார் மாப்பிள்ளை.

"மேற்கோ? முறை இல்லையே தம்பி."

"இண்டைக்கு விடியிறது அந்தப் பக்கம்தான் ஐயா. இவவின்ர அம்மா அங்கை நிக்கிறா."

ஐயர் ஒரு கணம் மேற்கைப் பார்த்தார். அவருடைய தாயும் அந்தப் பக்கம்தான் இருந்தார். பலகைகளைத் திருப்பிப் போடச் சொன்னார்.

வாகனத் தரிப்பிடத்துக்கு அப்பால் வீடுகளின் தட்டைக் கூரைகளும் தந்திக் கம்பிகளும். அவற்றுக்கு மேல் சூரியன் பெரிதாக, சிவப்பாக, அவசரமில்லாமல் இருந்தது. எங்களுக்கு மேல் கட்டியிருந்த புடவைகளுக்குள் வெளிச்சம் நுழைந்து எல்லாருடைய முகத்தையும் மஞ்சளும் குங்குமமும் ஆக்கியது. எதிர்வீட்டுப் பல்கனியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தாலியை எடுத்தபோது நான் கண்ணை மூடவில்லை. நேரே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மற்றப் பக்கத்தில் அம்மா தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு, தீப்பெட்டியை உரசுகிறார். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கெட்டிமேளத்துக்கு மேளம் இல்லை. பொடியன்கள் கை தட்டினார்கள்.

அந்தக் கலண்டருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவர் பயந்தபடிதான் கதை பரவியது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு, அடுத்த திவசத்துக்கு, ஊரில் அந்த நேரம் இங்கே எத்தனை மணி என்று கேட்டு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். திருகோணமலையிலிருந்து வந்த ஒரு தாய், ஊரில் தன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற நேரம் இங்கே என்ன நேரம் என்று மட்டும் தெரிய வேண்டும் என்றார். இவர் கலண்டரில் இரண்டு வரிசை போட்டார்: இங்கே, அங்கே. ராகு காலத்தைப் பார்த்தவர்களைவிட அந்த இரண்டாவது வரிசையைப் பார்த்தவர்கள்தான் அதிகம். பிறகு தொழிற்சாலைகளுக்கு வேலை நேரம் பிரிக்கிற மென்பொருள் எழுதியதும், அதிலிருந்து நிறுவனம் வளர்ந்ததும், வெறுங்காணிகளில் யன்னல்கள் உண்மையாகவே ஏறியதும் எல்லாம் அந்தக் கசெட்டிலிருந்துதான்.

கல்யாணமான அதே வருடம், நாங்கள் கோட்-டே-நேஜில் வாடகைக்கு ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். குளிர்காலம் தொடங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, வெளியே ஓசையில்லாமல் பனி விழுந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அம்மா. ஒருவாறு கொழும்புக்கு வந்து சேர்ந்து, உறவினர் வீட்டிலிருந்து பேசினார். இந்த முறை குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலத் தெளிவாக இருந்தது. அருகில் நின்ற இவருக்கும் கேட்டது.

இரண்டு பேரும் அழுது முடிந்தபிறகு அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். "சொன்ன நேரத்துக்கு நடந்ததோ பிள்ளை?"

"ஓம் அம்மா. அந்த நேரம்தான்."

"நானும் பிசகாமல் ஏத்தினனான். நீங்கள் கனடா நேரத்துக்குத்தானே கட்டுவியள் எண்டு பக்கத்து வீட்டு மாஸ்டரிட்டைக் கேட்டனான். கனடாவிலை திங்கள் விடியேக்கை இஞ்சை திங்கள் பின்னேரம் எண்டு அவர் கணக்குப் பாத்துச் சொன்னவர். அண்டைக்கு விடிய ஒரு சத்தமும் இல்லை, நல்ல அமைதி. பின்னேரம் பாத்து ஷெல் விழத் தொடங்கிட்டுது. எல்லாரும் பங்கருக்குள்ளை. உன்ர அப்பா என்ர கையைப் பிடிச்சு இழுத்தவர். நான் உதறிப்போட்டு ஓடிப்போய் ஏத்தினனான். அதிர்ச்சியிலை விளக்கு நூந்து நூந்து போகுது. நான் விடேல்லை. நிண்டு எரியிறதைப் பாத்திட்டுத்தான் பங்கருக்குத் திரும்பினனான்."

தொலைபேசியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஷெல் சத்தத்துக்குள் ஓடிய அந்த நேரம், இங்கே திங்கட்கிழமை விடியல். தாலி கட்டி ஒரு இரவு கழிந்துவிட்டது. நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் அம்மாவின் விடியலுக்காகச் சண்டை பிடித்தேன். அம்மா என்னுடைய விடியலுக்காகப் பங்கரை விட்டு வெளியே வந்திருக்கிறார்.

"பிள்ளை? ஏன் பேசாமல் இருக்கிறாய்? நேரம் சரிதானே? நான் பிந்தேல்லையே?"

இவர் குனிந்து என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"மாமி, நான் மருமகன் கதைக்கிறன்."

"தம்பி, நீங்கள் நேரம் பாக்கிறதிலை விண்ணன் எண்டு சொல்லுவினம். நீங்களே சொல்லுங்கோ. நான் ஏத்தின நேரம் சரியோ?"

இவர் யன்னலுக்கு வெளியே விழுகிற பனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம் மாமி" என்றார். "நீங்கள் அங்கை விளக்கு ஏத்தேக்கைதான் நான் இஞ்சை தாலி கட்டினனான். ஒரு நிமிஷமும் முந்தேல்லை, பிந்தேல்லை."

அந்தப் பக்கம் அம்மா மறுபடி அழத் தொடங்கியது எனக்கும் கேட்டது. இவர் தொலைபேசியை என்னிடம் திருப்பித் தரவில்லை. காதிலிருந்து எடுக்கவும் இல்லை. அம்மா அழுது முடிக்கும்வரை, மற்றக் கையை என் தலையில் வைத்தபடி, பிடித்துக்கொண்டே நின்றார்.